கதவைத் தட்டாமல் கரண்டை வெட்ட வேண்டாம்: எரிசக்தி ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மலேசிய எரிசக்தி ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

புத்ராஜெயாவில் உங்கள் கட்டடத்தை ஒருமுறை பார்த்திருக்கிறேன். இளைய மகளின் பட்டமளிப்பு விழாவுக்குப் போன இடத்தில், மருமகன் காரை ஓரங்கட்டிக் காட்டினார். தலைகீழாகக் குத்திவைத்த வைரக்கல் மாதிரி மேலே அகன்று கீழே ஒடுங்கி நின்றது. வெயில் உள்ளே அடிக்காமல் இருக்கத்தான் அப்படிக் கட்டியிருக்கிறார்கள், கரண்டு மிச்சம் என்றார். எல்லாரும் படம் பிடித்தார்கள். என் கண் மட்டும், இந்தக் கட்டடத்துக்கு மீட்டர் எந்தப் பக்கம் இருக்கும் என்று தேடிக்கொண்டிருந்தது. பழக்கதோஷம்.

பத்தொன்பது வருடம் மீட்டர் பார்த்தவன் நான். நேரடி ஊழியன் இல்லை, குத்தகையாளரிடம் வேலை. ஒரு மீட்டருக்கு இத்தனை காசு என்று கணக்கு. பாகான் டாலாம், மாக் மண்டின், பிறை, கடைசியில் கொஞ்ச நாள் புக்கிட் மெர்தாஜாம் பக்கம். மோட்டார் சைக்கிள், பில் அடிக்கும் கைக்கருவி, தோளில் ஒரு பை. பைக்குள் சின்னத் தொலைநோக்கி ஒன்று, பிஸ்கட் நாலு. தொலைநோக்கி பூட்டிய கேட்டுகளுக்கு. பிஸ்கட், ‘அவாஸ் அஞ்சிங்’ (நாய் ஜாக்கிரதை) பலகை மாட்டிய வீடுகளுக்கு.

இந்த மடலில் மின் நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. அவர்களோடு எனக்குச் சண்டை கிடையாது. அவர்கள் விதிப்படி நடப்பவர்கள், அந்த விதியைப் பார்த்துக்கொள்வது நீங்கள். 2001ஆம் ஆண்டுச் சட்டம் உங்களை உருவாக்கியபோது பயனீட்டாளர் நலனையும் உங்கள் கையில்தான் கொடுத்தது. ஆகையால் உங்களிடம் கேட்கிறேன்.

போன வருடம் எங்கள் வரிசை வீடுகளுக்கு ஸ்மார்ட் மீட்டர், அதாவது ஆள் வந்து பார்க்காமலே கணக்கைத் தானே அனுப்பும் மீட்டர், மாட்ட ஆட்கள் வந்தார்கள். அந்த வாரமே புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) ஒரு குரல் பதிவு சுற்றத் தொடங்கியது. ‘இந்த மீட்டர் இருக்கிற சுவருக்குப் பக்கத்தில் படுத்தால் புற்றுநோய் வரும், சிவப்பு விளக்கு மின்னும்போதெல்லாம் கதிர் பாய்கிறது’ என்று யாரோ ஓர் அம்மா அழுகிற குரலில் பேசியிருந்தார். எதிர்வீட்டுத் தம்பி கட்டிலையே இடம் மாற்றிப் போட்டுவிட்டான். எல்லாரும் என்னிடம் வந்தார்கள், மீட்டர் பார்த்தவனுக்குத் தெரியாமல் இருக்குமா என்று.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அந்தச் சிவப்பு விளக்கு கதிர் இல்லை, எண்ணிக்கை. ஒரு யூனிட் கரண்டு ஓடினால் 1,000 தடவை மின்னும், சில மீட்டரில் 1,600 தடவை. முகப்பிலேயே அச்சடித்திருக்கும். பழைய மீட்டரில் அலுமினியத் தட்டு சுற்றியதே, அதற்குப் பதில்தான் இந்த மின்னல். செய்தி அனுப்புவது வேறு வேலை. அதை இந்த மீட்டர்கள் சில இடங்களில் ரேடியோ அலையிலும் சில இடங்களில் அதே மின்கம்பியின் வழியாகவும் கொஞ்ச நேரம் செய்துவிட்டு அடங்கிவிடும். காதில் ஒட்டிவைத்து ஒரு மணி நேரம் சம்பந்தியோடு பேசும் கைப்பேசிதான் தலைக்கு இதைவிட நெருக்கம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2011இல் ரேடியோ அலைகளை ‘2பி’ பட்டியலில் சேர்த்தது உண்மை. புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும், ஆனால் சான்று போதாது என்பவற்றின் பட்டியல் அது. ஆசியப் பாரம்பரிய முறையில் ஊறவைத்த காய்கறிகளும் அதே பட்டியலில்தான் இருக்கின்றன. இதைச் சொன்னதும் எதிர்வீட்டுத் தம்பியின் மனைவி, ‘அப்போ ஊறுகாயையும் வெளியே வைக்கணுமா அங்கிள்?’ என்றாள். கட்டில் பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

இதை எதற்கு எழுதுகிறேன் என்றால், ஸ்மார்ட் மீட்டரைப் பற்றிக் கேள்வி கேட்கிறவன் எல்லாம் கதிர் என்று பயப்படுகிறவன் என்று ஒரு முத்திரை விழுந்துவிட்டது. அந்தப் பயத்துக்குப் பதில் சொல்வது சுலபம், துண்டுத்தாள் அடித்துக் கொடுத்துவிடலாம். அதனாலேயோ என்னவோ, மற்றக் கேள்விகளுக்கு யாரும் துண்டுத்தாள் அடிக்கவில்லை.

அடுத்த பேச்சு பில். மாக் மண்டினில் இருக்கிற என் அக்கா வீட்டில் மீட்டர் மாற்றிய பிறகு 74 வெள்ளி (ரிங்கிட்) வந்த இடத்தில் 91 வெள்ளி வந்தது. ‘உங்க ஆளுங்க மீட்டரைத் திருகிட்டாங்கடா’ என்று காலையிலேயே போன். போய்ப் பார்த்தேன். வீட்டில் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, குளிர்பெட்டியின் பிளக்கைக்கூடப் பிடுங்கிவிட்டு, 2,000 வாட் கெட்டிலில் தண்ணீர் நிரப்பி ஓடவிட்டேன். மூன்று நிமிடத்தில் அது தின்பது ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. 1,000 தடவை மின்னும் மீட்டர் என்றால் 100 மின்னல் வர வேண்டும். அக்கா கைப்பேசியில் நேரம் பார்க்க, நான் வாசலில் நின்று எண்ணினேன். 98. மீட்டர் பிழையில்லை. பழைய தட்டு மீட்டர்தான் அத்தனை வருடமாக அக்காவுக்குச் சலுகை கொடுத்திருக்கிறது. தாங்கி தேய்ந்து, தூசு ஏறி, வயதானவர் நடப்பதுபோலத் தட்டு மெதுவாகச் சுற்றும். என் காலத்தில் அப்படி எத்தனையோ பார்த்திருக்கிறேன். இந்தச் சோதனையை யாரும் வீட்டில் செய்யலாம், காசு செலவில்லை, முடிவில் தேநீரும் கிடைக்கும்.

ஆனால் இதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. கெட்டில் நல்ல பிள்ளை, கரண்டை ஒரே சீராகக் குடிக்கும். எல்இடி விளக்கு, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் மங்கல் சுவிட்ச் மாதிரியானவை கொத்திக் கொத்திக் குடிக்கும். நெதர்லாந்தில் ட்வென்ட்டே பல்கலைக்கழகத்தார் 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மின்னணு மீட்டர்களைச் சோதித்ததில் ஐந்து மீட்டர்கள் கூடுதலாகக் காட்டின. ஒன்று 582 விழுக்காடு வரை போனது. இரண்டு மீட்டர்கள் குறைத்துக் காட்டின. ஆய்வகத்தில் வேண்டுமென்றே மோசமாக்கிய சூழ்நிலை அது, எல்லா வீட்டிலும் அப்படி நடக்காது. சோதித்தவையும் 2004க்கும் 2014க்கும் இடையில் செய்த மீட்டர்கள். நம் வீடுகளில் மாட்டுகிற மீட்டர்கள் இந்த வகை விளக்குகளோடு சேர்த்துச் சோதிக்கப்பட்டனவா, முடிவு என்ன என்பதை ஆணையம் எல்லாரும் படிக்கும்படி வெளியிட்டால் என் அக்கா மாதிரி ஆட்களிடம் நான் கெட்டில் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. பழைய மீட்டரைக் கழற்றும்போது அதன் கடைசி எண்ணையும் புதியதின் முதல் எண்ணையும் ஒரு தாளில் எழுதி, வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று விதி இருக்கட்டும். பெரும்பாலான சண்டை அந்த இரண்டு எண்ணைச் சுற்றித்தான் வரும்.

இனி நான் உண்மையில் எழுத வந்தது.

மாதம் ஒரு தடவை ஒரு வீட்டு மீட்டரைப் பார்ப்பவனுக்கு என்ன தெரியும் என்று நினைக்கிறீர்கள்? நிறையத் தெரியும். வருடத்துக்குப் பன்னிரண்டே எண்கள், அவ்வளவுதான் என் கைக்கு வந்தவை. அதிலேயே யார் வீட்டில் ஏர்கோன் வாங்கினார்கள், யார் வீட்டுப் பையன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான், எந்த வீட்டில் இரண்டாவது குடும்பம் ஒன்று வாடகைக்கு ஒண்டியிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். சொன்னதில்லை. வாயை மூடிக்கொள்வது எங்கள் வேலையின் பாதி.

ஸ்மார்ட் மீட்டர் அரைமணிக்கு ஒரு தடவை எழுதிக்கொள்கிறது. ஒரு நாளைக்கு 48. வருடத்துக்கு 17,520. பன்னிரண்டு எண்ணில் இத்தனை தெரிந்த எனக்கு, பதினேழாயிரம் எண்ணைக் கொடுத்தால் என்ன தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். பிறை தொழிற்சாலையில் இரவு வேலை செய்பவர் வீடு எது என்று தெரியும், பகலில்தான் ஏர்கோன் ஓடும். மார்கழி மாதம் நாலரை மணிக்கு எந்த வீட்டில் விளக்கு எரிகிறது என்று தெரியும். தைப்பூசத்துக்கு யார் குடும்பத்தோடு தண்ணீர்மலைக்குப் போய்விட்டார்கள், எத்தனை மணிக்குத் திரும்பினார்கள் என்று தெரியும். தனியாக இருக்கும் பெண், நோயாளி எழுந்து நடமாடும் நேரம், தூக்கம் கெட்ட வீடு, எல்லாம் தெரியும்.

இது என் கற்பனை இல்லை. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் இருந்த ஜார்ஜ் ஹார்ட் என்பவர் 1980களில் வீட்டு மின்சார அளவுகளைப் படித்துக்கொண்டிருந்தபோது, வீட்டின் மொத்த மின்சார அளவு ஏறி இறங்குவதை வைத்தே உள்ளே ஓடுவது குளிர்பெட்டியா சலவை இயந்திரமா என்று பிரித்துச் சொல்ல முடியும் என்று கண்டுபிடித்தார். இதை வைத்து வீட்டை வேவு பார்க்க முடியும் என்று 1989இலேயே அவரே எச்சரித்தும் எழுதினார். ஜெர்மனியில் 2011இல் இரண்டு ஆய்வாளர்கள், இரண்டு வினாடிக்கு ஒரு தடவை அளக்கும் மீட்டரை வைத்து, தொலைக்காட்சியில் என்ன படம் ஓடுகிறது என்பதைக்கூட அனுமானிக்கலாம் என்று காட்டினார்கள். அரைமணிக் கணக்கில் படம் தெரியாது, அதை ஒப்புக்கொள்கிறேன். படுக்கப் போன நேரம் தெரிந்தாலே எனக்குக் கூச்சம்தான்.

அமெரிக்காவில் நேப்பர்வில் என்ற ஊர்க்காரர்கள் இதற்காக நீதிமன்றம் ஏறினார்கள். அங்கே பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கணக்கு. 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு இரண்டு பக்கமும் வெட்டுகிறது. இப்படிச் சேகரிப்பது வீட்டுக்குள் நுழைந்து சோதனை போடுவதற்குச் சமம் என்று ஒப்புக்கொண்டது. ஆனால் குற்ற வழக்குக்காக இல்லாமல் மின் விநியோகத்துக்காகச் செய்வதால் இது நியாயமானது என்று முடித்தது. போலீஸ் கைக்குச் சுலபமாகப் போகும் என்றாலோ இன்னும் அடிக்கடி அளந்தாலோ பதில் மாறலாம் என்றும் சேர்த்துச் சொன்னது. நெதர்லாந்தில் 2009இல் நாடாளுமன்ற மேலவை, கட்டாயமாக மாட்டும் சட்ட வரைவைத் தனியுரிமையைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பியது. பிறகு, வேண்டாம் என்பவர் மறுக்கலாம் என்று சட்டத்தை மாற்றித்தான் அங்கே மீட்டர் மாட்டினார்கள்.

நம் நாட்டில் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தரவு கசிந்தால் அறிவிக்க வேண்டும் என்ற கட்டாயமும் 2025 ஜூன் முதல் வந்துவிட்டது. நல்ல காரியம். ஆனால் அந்தச் சட்டம் மத்திய, மாநில அரசுகளைக் கட்டாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. கசிந்தால் அறிவிப்பது வேறு, கேட்டால் கொடுப்பது வேறு. என் அரைமணிக் கணக்கை யார் யார் கேட்கலாம்? போலீஸ் கேட்டால் நீதிமன்ற ஆணை வேண்டுமா, ஒரு கடிதம் போதுமா? வரிக்காரர்கள்? காப்புறுதி நிறுவனம்? விவாகரத்து வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல்? வீட்டுச் சொந்தக்காரரின் பெயரில் கணக்கு இருந்தால், வாடகைக்கு இருப்பவளின் இரவும் பகலும் அவர் கைப்பேசியில் தெரியுமே, அதற்கு என்ன ஏற்பாடு? எத்தனை வருடம் வைத்திருப்பார்கள்?

கரண்டு திருடுகிறவர்களைப் பிடிக்க இந்தக் கணக்கு உதவும் என்பது எனக்குத் தெரியும். கடைவீட்டு மாடியை வாடகைக்கு எடுத்து, மீட்டருக்கு முன்னாலேயே கம்பியைத் திருப்பி, பிட்காயின் இயந்திரம் ஓட்டுகிறவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. மீட்டரில் கைவைத்தால் என்ன தண்டனை என்று 1990ஆம் ஆண்டு மின் விநியோகச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. என் வீட்டுக் கணக்கில் கைவைத்தால் என்ன என்பதும் அதே தெளிவோடு இருக்கட்டும் என்கிறேன்.

இன்னொன்று. இத்தனை எண்ணும் எங்கேயோ போகிறது, வீட்டுக்காரர் கண்ணுக்கு வருகிறதா? செயலியில் பார்க்கலாம் என்பார்கள். எங்கள் வரிசையின் கடைசி வீட்டில் ஓர் ஆயா இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டார். தோட்டத்தில், ஜெனரேட்டர் நின்றால் ஊரே இருட்டு என்ற காலத்தில் வளர்ந்தவர். மீட்டர் எண்ணை மாதாமாதம் தமிழ் நாட்காட்டியில், அமாவாசைக் கட்டத்துக்குப் பக்கத்தில் எழுதி வைப்பார். நான் போகும்போது என் கருவியில் வந்த எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும், அவர் எழுதியதோடு சரிபார்ப்பார். ஒரு தடவை 8ஐ 3 என்று நான் அடித்துவிட்டேன், விடவில்லையே! ‘தம்பி, கண்ணாடி போடு’ என்றார். பில்லைக் கையில் கொடுத்ததும் மலாயில் இருப்பதைத் தமிழில் படித்துச் சொல்லச் சொல்வார். பாக்கி எவ்வளவு, கடைசி நாள் எப்போது, அடியில் சின்ன எழுத்தில் என்ன போட்டிருக்கிறது, அதுவும் வேண்டும்.

அந்த ஆயாவுக்குச் செயலி இல்லை, மின்னஞ்சல் இல்லை, கைப்பேசி பொத்தான் வைத்த பழைய நோக்கியா. புதிய மீட்டரின் திரையில் எண்கள் மாறி மாறி வருகின்றன. தேதி வருகிறது, நேரம் வருகிறது, வேறு ஏதேதோ வருகிறது. எது தன் எண் என்று பிடிப்பதற்குள் போய்விடுகிறது. பிரிட்டனில் ஸ்மார்ட் மீட்டர் மாட்டும்போது, வீட்டுக்குள் வைத்துப் பார்க்க ஒரு சின்னத் திரையையும் கொடுக்க முன்வர வேண்டும் என்பது விநியோகிப்பவர்களின் கடமை. இப்போது எவ்வளவு ஓடுகிறது, இன்றைக்கு எத்தனை காசு ஆயிற்று என்று சமையலறையில் நின்றபடியே பார்க்கலாம். நமக்கு ஏன் அது கிடையாது? செயலி வேண்டும் என்பவருக்குச் செயலி. வேண்டாம் என்பவருக்குத் திரை. இரண்டும் ஆகாதவருக்கு, கேட்டால் தபாலில் வரும் தாள்.

செயலி இல்லாதவர் காசையும் இழக்கிறார், கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2025 ஜூலையில் வந்த புதிய கட்டணத்தில் நேரத்துக்கேற்ற விலை என்று ஒன்று இருக்கிறது. விருப்பப்பட்டவர் பதிந்துகொள்ளலாம், ஸ்மார்ட் மீட்டர் வேண்டும். திங்கள் முதல் வெள்ளி வரை பிற்பகல் 2 மணியிலிருந்து இரவு 10 மணி வரை யூனிட்டுக்கு 28.52 காசு. மற்ற நேரமும் சனி, ஞாயிறும் பொது விடுமுறைகளும் 24.43 காசு. இதில் சேராதவருக்கு எந்நேரமும் 27.03 காசு. இவை மாதம் 1,500 யூனிட்டுக்குள் எரிக்கும் வீடுகளுக்கான ஆற்றல் கட்டணம் மட்டும். முதலில் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது. இரண்டு மணியிலிருந்து பத்து மணி என்றால் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து, குளித்து, விளக்கேற்றி, சமைத்து, சாப்பிட்டு, பாடம் படித்து, நாடகம் பார்த்து முடிக்கிற நேரம். அதற்குத்தானா அதிக விலை?

பென்சில் எடுத்துப் போட்டபோது கோபம் இறங்கியது. மாதம் 300 யூனிட் எரிக்கும் வீட்டில் பாதி அந்த உச்ச நேரத்தில் போனால்கூட 81 வெள்ளி 9 காசுக்குப் பதில் 79 வெள்ளி 43 காசுதான். மூன்றில் ஒரு பங்கு மட்டும் போனால் 77 வெள்ளி 38 காசு. நூற்றுக்கு 63க்கு மேல் உச்ச நேரத்தில் எரிப்பவருக்குத்தான் நட்டம், அப்படிப்பட்ட வீடு குறைவாகத்தான் இருக்கும். மிச்சமாவது ஒரு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக் அளவுதான், பெரிய புதையல் இல்லை. ஆனாலும் அது யார் கைக்குப் போகிறது பாருங்கள். செயலியைத் திறந்து, கணக்கைப் புரிந்து, பதிந்துகொள்பவருக்குப் போகிறது. சனிக்கிழமைதான் துணி துவைக்கிற, பத்து மணிக்கு முன்பே தூங்கிவிடுகிற ஆயாவுக்குப் போகவில்லை. மீட்டரில்தான் எல்லா எண்ணும் இருக்கிறதே! எந்தத் திட்டத்தில் இந்த வீட்டுக்குக் குறைவு என்று பில்லிலேயே ஒரு வரி அச்சடிக்க விதி போட்டால் என்ன? வீட்டைப் பற்றி இத்தனை தெரிந்துகொண்ட மீட்டர், வீட்டுக்காரருக்கு அந்த ஒரு வரியாவது சொல்லட்டும்.

ஸ்மார்ட் மீட்டரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2020 மார்ச் 18இல் கோவிட் காரணமாக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது மீட்டர் பார்ப்பவர்கள் எல்லாரும் வீட்டில் முடங்கினோம். பில்கள் அனுமானக் கணக்கில் போயின. பிறகு உண்மைக் கணக்கு வந்தபோது ஜனங்கள் அலறினார்கள். வீட்டோடு இருந்ததில் கரண்டும் கூடத்தான் ஓடியது, ஆனால் எது கூடுதல் எது அனுமானம் என்று யாருக்கும் புரியவில்லை. அந்த மே, ஜூன் மாதங்களில் நான் பட்ட பேச்சு கொஞ்சநஞ்சமில்லை. அன்றைக்கு எல்லா வீட்டிலும் ஸ்மார்ட் மீட்டர் இருந்திருந்தால் அந்தக் குழப்பம் பாதிகூட இருந்திருக்காது. கரண்டு போனால் யாரும் போன் செய்யாமலே தெரிந்துவிடும் என்பதும் நல்லதுதான்.

ஆனால் இந்த மீட்டருக்குள் ஒரு சுவிட்ச் இருக்கிறது. எனக்குத் தூக்கம் வராமல் செய்வது அதுதான். பாக்கி வைத்தவர் வீட்டுக் கரண்டை, ஆள் அனுப்பாமல், எங்கேயோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே அடைக்க முடியும். பணம் கட்டியதும் அப்படியே திறக்கவும் முடியும் என்பதைச் சலுகையாகச் சொல்வார்கள். சலுகைதான். அடைப்பதைப் பற்றிப் பேசுவோம்.

பாகான் டாலாமில், எனக்கு இன்னும் முடி கறுப்பாக இருந்த காலம். ஒரு வீட்டில் மூன்று மாதப் பாக்கி. கரண்டை வெட்ட இரண்டு பேர் வந்திருந்தார்கள். நான் பக்கத்து வீட்டில் பில் அடித்துக்கொண்டிருந்தேன். அவர்களில் ஒரு மலாய்க்காரத் தம்பி கேட்டைத் தட்டினான். கதவு திறக்க நேரமாயிற்று. ஒரு பெரியவர், மூக்கில் குழாய், பின்னால் நீளமாக இழுத்துக்கொண்டு வரும் வயர். ஆக்சிஜன் இயந்திரம். அந்த வீட்டுக்கு அது வந்ததிலிருந்துதான் பில் ஏறியிருக்கிறது, மகனுக்கு வேலை போனதும் அதே சமயம். தம்பி என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். ‘பக்சிக் (பெரியவரே), மகன் எப்போ வருவாரு?’ என்று மலாயில் கேட்டான், நான் தமிழில் கேட்டுச் சொன்னேன். தாளில் ‘வீடு பூட்டியிருக்கிறது’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டான். மறுநாள் மகன் எங்கேயோ புரட்டி அரைப் பாக்கி கட்டியதாகக் கேள்விப்பட்டேன்.

அந்தத் தம்பி எழுதியது பொய். பிடிபட்டிருந்தால் அவனுக்கு வேலை போயிருக்கும். சுவிட்சுக்கு அந்தப் பொய் எழுதத் தெரியாது. ஆகவே அவன் பொய்யாக எழுதியதை நீங்கள் விதியாக எழுதிக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பிரிட்டனில் இது பெரிய ரகளையானது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கடன்பட்ட வீடுகளை, முன்பணம் கட்டினால்தான் கரண்டு என்ற முறைக்குக் கட்டாயமாக மாற்றினார்கள். ஸ்மார்ட் மீட்டர் இருந்த வீடுகளில் ஆள் போகாமலே மாற்றினார்கள். பணம் போட முடியாதவர் வீட்டில் விளக்கு அணைந்தது. 2023 பிப்ரவரியில் அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையம், உங்களைப் போன்ற ஆணையம்தான், அதை நிறுத்தி வைத்தது. அதன்பின் வந்த விதிகள்படி, மாற்றுவதற்கு முன் குறைந்தது பத்துத் தடவை வீட்டாரைத் தொடர்புகொள்ள முயல வேண்டும். நேரில் போய் வீட்டு நிலைமையைப் பார்க்க வேண்டும். உடல்நலத்துக்காகத் தொடர்ந்து கரண்டு தேவைப்படுகிறவர் இருந்தால் கட்டாயமாக மாற்றக்கூடாது. ரகளை ஆன பிறகு அவர்கள் கண்டுபிடித்த வழி, கடைசியில், ஓர் ஆள் போய்க் கதவைத் தட்டுவதுதான்.

நாம் ரகளை வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. தூரத்திலிருந்து அடைப்பதற்கு முன் ஓர் ஆள் நேரில் வர வேண்டும், வந்ததற்கு வீட்டாரின் கையெழுத்தோ படமோ இருக்க வேண்டும். மருத்துவக் கருவி உள்ள வீடுகளின் பட்டியல் ஒன்று வேண்டும், அதில் பெயர் சேர்க்க கிளினிக் கொடுக்கும் ஒரு தாள் போதும் என்று இருக்கட்டும். வெள்ளிக்கிழமை மாலையும் பண்டிகைக்கு முந்திய நாளும் அந்த சுவிட்சைத் தொடக்கூடாது. எச்சரிக்கைக் கடிதம் மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் போகட்டும். செலவாகும் என்பார்கள். மாதாமாதம் எல்லா வீட்டுக்கும் ஆள் அனுப்பிய செலவு மிச்சமாகிவிட்டதே, அதில் ஒரு துளி போதாதா? வேலை இழந்த மீட்டர் பார்ப்பவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். எந்தச் சந்தில் எந்த நாய் என்பதுவரை தெரிந்தவர்கள்.

நான் இப்போதும் மாதம் ஐந்தாம் தேதி காலையில் கடைசி வீட்டுக்குப் போகிறேன். ஆயா நாட்காட்டியோடு நிற்பார். மீட்டர் திரையில் அந்த எண் வரும்வரை இருவரும் காத்திருப்போம், வந்ததும் உரக்கச் சொல்வேன், எழுதிக்கொள்வார். கரண்டை ஆள் வராமலே அடைத்துவிட முடியும் என்பதைப் போன மாதம்தான் அவரிடம் சொன்னேன். ‘யாரு அடைக்கிறதுன்னு பேராவது சொல்வாங்களா?’ என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

இந்த மடலுக்கு நீங்கள் பதில் எழுதுவதாக இருந்தால் தமிழில் வேண்டும் என்று சிரமப்பட வேண்டாம். மலாயிலேயே எழுதுங்கள். நான் அவருக்குப் படித்துச் சொல்லிக்கொள்கிறேன், அடியில் சின்ன எழுத்தில் போடுவதையும் சேர்த்து.

இப்படிக்கு,
மீட்டர் பார்த்தவன்,
பிறை, பினாங்கு